மணக்குடி காயலுக்கு எந்த ஃபிளை ரீல்?

கேள்வி, 11 செப்டம்பர்

"நாகர்கோவில்காரன். இதுவரை ஸ்பின்னிங் ராடுதான். மைத்துனர் துபாயிலிருந்து வரும்போது 9 அடி, 8 வெயிட் (எட்டாம் எண் எடை லைனுக்கானது) ஃபிளை ராடு ஒன்று கொண்டுவந்து தந்தார். ரீல் இல்லை. ஃபிளையில் (இறகும் நூலும் கட்டிய பொய் இரையை வீசிப் பிடிப்பதில்) ரீல் வெறும் நூல் சுற்றி வைக்கிற பெட்டி, காசை லைனில் போடு, ரீல் எதுவானாலும் பரவாயில்லை என்று எங்கே படித்தாலும் எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் எட்டாயிரம் ரூபாய் ரீலும் அறுபதாயிரம் ரூபாய் ரீலும் ஒன்றா? மணக்குடியில் கொடுவா, முட்டம் பாறையில் பாரை, இதுதான் திட்டம்."

11 செப்டம்பர், இரவு

அந்த வாக்கியம் பொய்யில்லை. ஆனால் ஓடையில் டிரௌட் பிடிக்கிறவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டது அது. கால் கிலோ மீனைக் கையாலேயே லைனை இழுத்துக் கரை சேர்த்துவிடலாம், ரீல் சட்டைப் பையில் கிடந்தாலும் வித்தியாசம் தெரியாது. வெள்ளைக்காரர்கள் நீலகிரியில் கொண்டுவந்து விட்ட டிரௌட்டுக்கு அது பொருந்தும். பாரைக்குப் பொருந்தாது. கொத்திய மறு நொடி உங்கள் காலடியில் சுருண்டு கிடக்கிற லைன் முழுவதையும் எடுத்துக்கொண்டு பேக்கிங் (லைனுக்கு அடியில் சுற்றுகிற மெல்லிய உதிரி நூல்) வரைக்கும் போய்விடும். அந்த இடத்தில் ரீல்தான் பிரேக்.

வீசும்போது ரீலுக்கு வேலை கிடையாது என்பது மட்டும் முழு உண்மை. 8 வெயிட் லைனின் முதல் 30 அடிக்கு எடை 210 கிரெய்ன், கிட்டத்தட்ட பதின்மூன்றரை கிராம். வீச்சுக்குப் பாரம் அதுதான். ஸ்பின்னிங்கில் லூர் (கனமான பொய் இரை) நூலை இழுத்துக்கொண்டு போகும், இங்கே லைன் ஃபிளையை இழுத்துக்கொண்டு போகும். அதனால் ரீலை மாற்றினால் வீச்சுத் தூரம் கூடும் என்று யாராவது விற்க வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

ரீலிடம் நான் கேட்பது இரண்டே விஷயம். மீன் இழுக்கத் தொடங்குகிற கணத்தில் திக்காமல் சுழல வேண்டும். நம்ம ஊர் உப்பிலும் மணலிலும் பிழைக்க வேண்டும். விலை, நிறம், பேர் எல்லாம் அப்புறம்.

12 செப்டம்பர்

"எத்தனை பவுண்டு டிராக் வேண்டும், 20 போதுமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சார், டிராக் என்பது ரீலின் பிரேக் பிடி, 20 பவுண்டு என்றால் ஒன்பது கிலோ. 8 வெயிட் ராடை வைத்துக்கொண்டு ஒன்பது கிலோ இழுப்பைத் தாங்குகிற மணிக்கட்டு உங்களுக்கு இருந்தால் மீன்பிடிக்க ராடே வேண்டாம்.

15 செப்டம்பர்

மேலே இருப்பதைப் படித்துவிட்டுச் சிலர் கோபித்துக்கொண்டார்கள். கணக்காகவே சொல்லிவிடுகிறேன்.

டிப்பெட் என்பது ஃபிளையைக் கட்டுகிற நுனி நூல். அது தாங்குவது 16 பவுண்டு, அதாவது ஏழேகால் கிலோ. டிராக்கை அதில் கால் பங்குக்கு வைப்பது வழக்கம். அப்படியானால் சுமார் 1.8 கிலோ. இதற்கு மேல் டிராக்கை இறுக்கினால் முடிச்சுதான் போகும், மீன் நிற்காது. பெட்டியில் அச்சடிக்கிற உச்சபட்ச எண்ணை நீங்கள் ஒருநாளும் தொடப்போவதில்லை.

நம்பிக்கை வராதவர்கள் வீட்டு முற்றத்தில் செய்து பாருங்கள். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை லைனில் கட்டித் தரையில் வையுங்கள். ராடை வளைத்து அதைத் தூக்குங்கள். அந்த இரண்டு கிலோவுக்கே கை நடுங்கும், ராடு அடிவரை வளையும். முட்டத்தில் பாரை போடுகிற சண்டையில் உங்கள் பக்கம் கிடைக்கிற பலம் அவ்வளவுதான்.

ரீலைச் சோதிக்க வேறு வழி இருக்கிறது. விமானத்துக்குப் போகிறவர்கள் பெட்டியை எடை பார்க்கிற சின்னக் கைத்தராசு ஒன்று இருக்கிறதே, அதன் கொக்கியை லைன் நுனியில் மாட்டுங்கள். டிராக்கை ஒரு கிலோவுக்கு வைத்து மெதுவாக இழுங்கள். ரீல் அசையத் தொடங்குகிற நொடியில் தராசு காட்டுகிற எண்ணையும், சுழன்றுகொண்டிருக்கும்போது காட்டுகிற எண்ணையும் பாருங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நல்ல ரீல். தொடக்கத்தில் ஒன்றரைக்கு எகிறி அப்புறம் ஒன்றுக்கு இறங்கினால் அந்த ரீல் உங்கள் டிப்பெட்டை வெட்டும். மீன் ஒரே சீராக ஓடாது. ஓடும், நிற்கும், திரும்ப ஓடும். நின்று ஓடுகிற ஒவ்வொரு முறையும் அந்த எகிறல் வரும்.

விலை ஏற ஏறக் கிடைக்கிற உண்மையான லாபம் இந்தச் சீரான தொடக்கம்தான் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அது பெட்டியில் எழுதியிருக்காது. எந்தக் கம்பெனியும் அந்த எண்ணை அச்சடித்து நான் பார்த்ததில்லை.

15 செப்டம்பர், பின்னிரவு

தராசு விஷயத்தில் ஒன்று விட்டுப்போயிற்று. காய்ந்த ரீலில் ஒருமுறை, தண்ணீரில் முக்கி எடுத்து ஒருமுறை, இரண்டும் பாருங்கள். நனைந்தால் பாதிக்குப் பாதி பிடி விட்டுவிடுகிற மலிவு ரீல்கள் உண்டு. அலை மேலே விழுகிற முட்டம் பாறையில் காய்ந்த ரீல் என்று ஒன்று கிடையாது.

23 செப்டம்பர்

கிளிக் ரீல் பற்றிக் கேட்டவருக்கு. கிளிக் அண்டு பால் என்பது பல்சக்கரமும் அதில் தட்டுகிற ஒரு நாக்கும். அது டிராக் இல்லை, ஸ்பூல் (நூல் சுற்றுகிற உருளை) தறிகெட்டுச் சுழன்று லைன் சிக்காமல் இருக்கத்தான். மீனை நிறுத்த விரும்பினால் ஸ்பூல் விளிம்பை உள்ளங்கையால் அழுத்த வேண்டும். இங்கிலாந்தில் ஆனிக் ஊரின் ஹார்டி கம்பெனி 1891-ல் கொண்டுவந்த 'பெர்ஃபெக்ட்' ரீல் இந்த வகையில் பேர்பெற்றது. அதன் சத்தத்துக்காகவே இன்றும் வாங்குகிறார்கள். அழகான சாமான், சந்தேகமில்லை. குளத்து சிலேபிக்கு அது ஏராளம்.

இன்னொரு பழைய கதையும் சொல்லிவிடுகிறேன். ரீலின் பக்கத் தகட்டில் ஏன் இத்தனை துளை என்று என் மகள் ஒருநாள் கேட்டாள். அமெரிக்காவில் வெர்மான்ட்காரர் சார்ல்ஸ் ஆர்விஸ் 1874-ல் துளை போட்ட ரீலுக்குக் காப்புரிமை வாங்கினார். அப்போது லைன் பட்டு நூல். ஈரம் நின்றால் மக்கிவிடும், காற்றோட்டம் வேண்டும். இன்றைய லைன் பிளாஸ்டிக் பூச்சு, மக்காது. ஆனாலும் துளை இருக்கிறது, எடை குறைய, பார்க்க நன்றாயிருக்க. நம்ம கடற்கரையில் அந்தத் துளை வழியாக உள்ளே போவது வேறு சாமான். அதைத் தனியாக எழுதுகிறேன்.

2 அக்டோபர்

மணல்.

வெளிநாட்டு மதிப்புரைகள் எல்லாம் உப்பைப் பற்றிப் பேசும், மணலை ஒரு வரியில் முடித்துவிடும். ஃபுளோரிடாவில் படகில் நின்று வீசுகிறவருக்கு மணல் ஒரு பொருட்டே இல்லை. நாம் கரையில் நிற்கிறோம். அதிலும் மணவாளக்குறிச்சி, சின்னவிளை, கடியபட்டணம் பக்கம் நிற்கிறோம். கறுப்பும் சிவப்பும் கலந்த அந்த மணலில் இல்மனைட் இருக்கிறது, கார்னெட் இருக்கிறது, சிர்க்கான், மோனசைட் இருக்கிறது. இதற்காகவே அங்கே மத்திய அரசின் ஆலை நடக்கிறது. கார்னெட் என்பது உப்புத்தாள் செய்யப் பயன்படுகிற கல். அந்தத் தூள் ஸ்பூலுக்கும் சட்டத்துக்கும் நடுவே புகுந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

அலுமினிய ரீலின் மேலே இருக்கிற அனோடைசிங் பூச்சு நல்ல கடினம்தான். ஆனால் மெல்லியது. விளிம்பில் ஒரு கோடு விழுந்தால் அந்தக் கோட்டில் உப்பு உட்காரும். பிறகு வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். எவர்சில்வர் திருகு அலுமினியத்தில் நேராக இறங்கியிருக்கிற இடங்களில் இது இன்னும் வேகம். இரண்டு உலோகமும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் அது ஒரு பேட்டரி, தேய்வது எப்போதும் அலுமினியம்தான். திருகைக் கழற்றி லேசாகக் கிரீஸ் தடவித் திரும்ப மாட்டுவது ஒரு மாலை வேலை. பல வருஷம் காப்பாற்றும்.

இதிலிருந்து எனக்கு வந்த முதல் விதி: கருவி எதுவும் இல்லாமல், ஈரக் கையோடு, கரையில் நின்றபடியே ஸ்பூலைக் கழற்ற முடிய வேண்டும். மணல் புகுந்தால் வீட்டுக்கு வரும்வரை காத்திருக்க முடியாது. அரைமணி நேரம் சுற்றினாலே கோடு விழுந்துவிடும். நடுத் திருகை நாணயம் வைத்துத் திருப்ப வேண்டிய ரீல்கள் உண்டு. நாணயம் மணலில் விழும், அப்புறம் ஸ்பூலும் விழும். பட்டனை அழுத்தினால் வந்துவிடுகிற வகையையும், கையாலேயே திருகிக் கழற்றுகிற மூடி உள்ள வகையையும் தேடுங்கள்.

வார்ப்பு ரீலா, முழு உலோகக் கட்டியிலிருந்து கடைந்து எடுத்ததா என்ற விவாதத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். கடைந்த ரீலில் இடைவெளி துல்லியமாக இருக்கும், பாறையில் விழுந்தால் கோணுவது குறைவு. வார்ப்பு விழுந்தால் விரிசல் விடும். என்னோடு வருகிற நண்பரின் வார்ப்பு ரீல் முட்டம் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறையில் இடுப்பு உயரத்திலிருந்து விழுந்து, ராடில் பொருந்துகிற கால் தகடு ஒடிந்து, அன்றைக்கு அவர் எனக்கு ஃபிளை கட்டித் தருகிற ஆளாக மாறினார். மணக்குடியில் மட்டும் பிடிப்பவருக்கு வார்ப்பு போதும். சேற்றில் விழுந்தால் எதுவும் உடையாது.

2 அக்டோபர், மாலை

கழுவுவது பற்றி உடனே ஒருவர் கேட்டுவிட்டார். வேகமாகக் குழாய் பீய்ச்சாதீர்கள், உப்பை உள்ளே தள்ளுவது போலாகும். டிராக்கைச் சற்று இறுக்கிவிட்டு மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். பிறகு ஸ்பூலைக் கழற்றி, துடைத்து, நிழலில் காய விட்டு, டிராக்கை முழுவதும் தளர்த்தி வையுங்கள்.

கடற்கரை ஊர்களில் போர்த் தண்ணீரே உப்பு. அதில் கழுவுவது கழுவாததற்குச் சமம். நாகர்கோவிலில் முக்கடல் அணைத் தண்ணீர் குழாயில் வருகிற வீட்டுக்காரர்கள் பாக்கியவான்கள். மற்றவர்கள் ஒரு வாளி நல்ல தண்ணீர் ஒதுக்கி வையுங்கள்.

நியோபிரீன் பையில் ஈர ரீலைப் போட்டு ஒரு வாரம் வைப்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

19 அக்டோபர்

சீல்டு டிராக்கா, திறந்த டிராக்கா?

சில நாளாக இதைப் பற்றித்தான் தனிச்செய்திகள் வருகின்றன. போன வருஷம் கேட்டிருந்தால் யோசிக்காமல் சீல்டு என்றிருப்பேன். டிராக் தட்டுகள் ரப்பர் வளையத்துக்குள் அடைந்து கிடக்கின்றன, உப்பும் மணலும் போக வழியில்லை. லாம்சனின் கூம்பு வடிவ டிராக் இப்படித்தான். அவர்களுடைய விலை குறைந்த ரீலிலும் விலை கூடிய ரீலிலும் டிராக் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே, சட்டமும் ஸ்பூலும்தான் வேறுபடும். அதனால் நடுத்தர பட்ஜெட்காரருக்கு அது நல்ல வாசல். ஹாட்ச், நாட்டிலஸ் எல்லாம் அதே சீல்டு கட்சியின் பணக்காரப் பிரிவு.

எதிர்க்கட்சி கார்க். திபோர் ரீலில் பெரிய கார்க் தட்டு ஒன்று அலுமினியத்தோடு உரசுகிறது. மூடி இல்லை, ரகசியம் இல்லை. உப்பு போகும், மணலும் போகும். ஆனால் திறந்தால் எல்லாம் கண்முன்னால் இருக்கும். துடைத்து, எண்ணெய் தடவி, மூடிவிடலாம். பெரிய டார்ப்பன் மீன் பிடிக்கிற ஃபுளோரிடாக்காரர்கள் பல பத்தாண்டுகளாக இதை வைத்துத்தான் பிடிக்கிறார்கள்.

இப்போது எனக்கு மனசு ஊசலாடுகிறது. சீல்டு நன்றாக இருக்கும்வரை மிக நன்று. ரப்பர் வளையம் ஒருநாள் தேயும். உள்ளே ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் போனால் வெளியே வர வழியில்லை, அங்கேயே தங்கி பேரிங்கைத் தின்னும். அமெரிக்காவில் இருப்பவர் தபாலில் அனுப்பினால் கம்பெனி சரிசெய்து திருப்பித் தரும். இங்கிருந்து அனுப்பினால் போக வரத் தபால் செலவு, திரும்பி வரும்போது சுங்கத்தில் விளக்கம் என்று ஒரு புது ரீல் விலை ஆகிவிடும். ஆகவே சீல்டு வாங்குகிறவர்கள் ஒன்று விசாரியுங்கள்: அந்த டிராக் கட்டு முழுசாகக் கழன்று வருமா, அதை மட்டும் தனியாக வாங்க முடியுமா? முடியும் என்றால் ஒன்று சேர்த்தே வாங்கி அலமாரியில் வையுங்கள். முடியாது என்றால் நான் திறந்த பக்கம் சாய்வேன்.

20 அக்டோபர்

எதிர்பார்த்தேன், வந்துவிட்டது. "கார்க்குக்குத் தேங்காய் எண்ணெய் போடலாமா?" நம்ம மாவட்டத்தில் தலைக்கு, சமையலுக்கு, கதவுக் கீலுக்கு, காயத்துக்கு எல்லாம் அதுதானே. வேண்டாம். நாளாக நாளாகப் பிசுபிசுக்கும். ஊட்டிக்கு எடுத்துப் போனால் உறைந்தே போகும், 24 டிகிரிக்குக் கீழே அது எண்ணெய் இல்லை, வெண்ணெய். கார்க்குக்கு மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுக்கிற நீட்ஸ்ஃபுட் எண்ணெய்தான் பழைய வழக்கம். கம்பெனி கொடுக்கிற டப்பா இருந்தால் அதுவே உத்தமம். கார்பன் தட்டு உள்ள டிராக்கில் கண்ட எண்ணெயையும் விடாதீர்கள், பிடி போய்விடும்.

8 நவம்பர்

மழை. பழையாறு கலங்கி வருகிறது, மணக்குடியில் பொழிமுகம் (காயல் கடலில் கலக்கிற வாய்) திறந்து கிடக்கிறது. தண்ணீர் தெளிகிறவரை ஃபிளைக்கு வேலை இல்லை. அதனால் கொஞ்சம் அரட்டை.

மழைக்கு முன்னால் கீழமணக்குடி பாலத்தருகே நின்று வீசிக்கொண்டிருந்தேன். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வந்து பக்கத்தில் குத்தவைத்தார். நெடுநேரம் பேசவில்லை. அப்புறம் ரீலைக் காட்டி, "இது எவ்வளவு ஆச்சு மக்ளே?" என்றார். சொன்னேன், அதிலும் பாதியைக் குறைத்து. "இவ்வளவு ரூவா குடுத்து வாங்குனது என்னத்துக்கு?" என்றார்.

"மீன் இழுத்தா சீரா விட்டுக்குடுக்கும் பாட்டா."

இரண்டு விரலை நீட்டிக் காட்டினார். கைத்தூண்டில் நூல் ஓடி ஓடி ஆட்காட்டி விரலில் பள்ளம் விழுந்திருந்தது. "இதுவும் அதத்தான் செய்யும். சைக்கிள் டியூப்ப வெட்டி மாட்டிக்கிடணும், அவ்வளவுதான்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆழ்கடலில் சூரையும் நெய்மீனும் கைநூலில் பிடித்தவர்கள் அவர்கள். மீன் எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்று விரலுக்குத் தெரியும், நின்று ஓடுகிற கணத்தில் விரல் தானாக இளகும். நல்ல டிராக் என்று நான் இத்தனை நாளாக எழுதிக்கொண்டிருப்பது அந்த இளகலைத்தான். நம் விரலுக்கு அது தெரியாததால் காசு கொடுத்து வாங்குகிறோம்.

9 நவம்பர்

கோயம்புத்தூர் நண்பருக்கு: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வராதீர்கள். மேற்குக் கரையில் கடல் கொந்தளிப்பு, காற்றும் சொல்லி மாளாது. காற்றாலை வைக்க முப்பந்தலைத் தேர்ந்தெடுத்த ஊரில் ஃபிளை வீச வருகிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள். டிசம்பரிலிருந்து மார்ச் வரை நல்ல காலம்.

தடைக்காலம் உங்களைக் கட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அது விசைப்படகுகளுக்கு. கரையில் தூண்டில் போடுகிறவருக்கு இல்லை. இந்த ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம் என்பது வேடிக்கை: சின்னமுட்டத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மீன் இரண்டு காலண்டரையும் படித்துவிட்டு நடுவே எங்காவது ஒதுங்கும் என்று நினைக்கிறேன்.

14 நவம்பர்

பேச்சிப்பாறைக்கு 5 வெயிட் ரீல் கேட்ட தம்பிக்கு. முதலில் அனுமதியைப் பாருங்கள், அப்புறம் ரீலைப் பார்க்கலாம். வனத்துறை எல்லைக்குள் தூண்டிலை எடுக்காதீர்கள். சுசீந்திரம், தேரூர் குளங்கள் பறவைகள் சரணாலயம், அங்கேயும் வேண்டாம். ஊர்க் குளம் என்றால் குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நில்லுங்கள். ஃபிளையைப் பார்த்தால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள், இதில் மீன் மாட்டாது என்ற நம்பிக்கை. ரீல், கிளிக் வகையில் லேசாக ஒன்று போதும். உங்கள் விஷயத்தில் அந்த "நூல் சுற்றி வைக்கிற பெட்டி" வாக்கியம் நூற்றுக்கு நூறு சரி. மீதிக் காசுக்கு நல்ல லைன் வாங்குங்கள்.

6 டிசம்பர்

லைன் என்றதும் ஒரு கிளைக்கதை. குளிர்நாட்டு லைனை வாங்கி மத்தியான வெயிலில் முட்டம் பாறையில் விரித்தால் அது இளகித் தொங்கும், கைடு வளையத்தில் ஒட்டும். 'டிராப்பிக்கல்' என்று போட்டிருக்கிற, உள்நூல் விறைப்பான லைன் வேண்டும். அதே லைன் ஊட்டிக் காலையில் கம்பிச் சுருளாக நிற்கும். ஒரே லைனில் இரண்டு ஊரும் ஆகாது. ஒரு ரீல், இரண்டு ஸ்பூல் என்று போவது இங்கேதான் பிரயோஜனம். உதிரி ஸ்பூல் இன்னும் தயாரிக்கிற மாடலாகப் பாருங்கள். நிறுத்திவிட்ட மாடல் பாதி விலைக்கு வருவதற்குக் காரணமே பல நேரம் இதுதான்.

7 டிசம்பர்

லார்ஜ் ஆர்பர் (நடுப்பகுதி பருத்த ஸ்பூல்) வெறும் ஃபேஷன் என்று ஒருவர் அடித்துப் பேசியிருக்கிறார். ஃபேஷனும்தான். கணக்கும் இருக்கிறது.

ஃபிளை ரீலுக்குக் கியர் கிடையாது, ஒரு சுற்றுக்கு ஒரு சுற்று. நூல் 9 செ.மீ. விட்டத்துக்கு நிறைந்திருந்தால் ஒரு சுற்றில் 28 செ.மீ. வரும். உள்ளே 6 செ.மீ. வரை இறங்கிவிட்டால் 19 செ.மீ. தான். ஸ்பின்னிங் ரீலில் ஒரு சுற்றுக்கு எண்பது, தொண்ணூறு செ.மீ. இழுத்துப் பழகியவருக்கு இது நத்தை. பாரை திரும்பி உங்களை நோக்கி ஓடிவரும்போது இந்த வித்தியாசம் உயிர்போகிற வித்தியாசம். லைன் தளர்ந்தால் கொக்கி கழன்றுவிடும்.

இரண்டாவது விஷயத்தைப் பலர் யோசிப்பதில்லை. டிராக் கொடுப்பது சுழற்சிக்குத் தடை. நூல் வெளியே போகப் போக ஸ்பூலில் விட்டம் குறையும், அதே தடைக்கு நூலின் மேல் இழுப்பு கூடும். 9 செ.மீ.யில் ஒரு கிலோவாக இருந்தது 6 செ.மீ.யில் ஒன்றரை கிலோ. யாரும் குமிழைத் தொடாமலே. இதோடு தண்ணீருக்குள் வளைந்து கிடக்கிற லைனின் இழுப்பும் சேரும். மீன் தூரம் போகும்போது பயந்துபோய் டிராக்கை இறுக்குகிறோமே, அப்போது உண்மையில் தளர்த்த வேண்டும். நடுப்பகுதி பருத்த ஸ்பூலில் இந்த ஏற்றம் குறைவு. அதன் பலன் அதுதான்.

கொள்ளளவு குறைவதுதான் அதற்கான விலை. 8 வெயிட் லைனோடு 20 பவுண்டு டாக்ரான் பேக்கிங் 150 மீட்டருக்குக் குறையாமல் பிடிக்க வேண்டும். பாறைக் கரையில் மீனைத் துரத்திக்கொண்டு ஓட முடியாது என்பதால் நான் 180 வரை பார்ப்பேன். மெல்லிய பிரெய்டு (பின்னல் நூல்) போட்டால் இரண்டு மடங்கு பிடிக்குமே என்பீர்கள். பிடிக்கும். தளர்வாகச் சுற்றியிருந்தால் மேல்சுற்று அடிச்சுற்றுக்குள் புதைந்து நடு ஓட்டத்தில் பூட்டிக்கொள்ளும், ஓடுகிற பிரெய்டில் விரல் பட்டால் கத்தி. போடுவதானால் ஈரத் துணியால் இறுக்கிப் பிடித்தபடி சுற்றுங்கள், வீட்டில் யாராவது மறுமுனையைப் பிடிக்க இரங்கினால்.

8 டிசம்பர்

இடதுகையா வலதுகையா என்று சண்டை போடாதீர்கள். வலதுகையால் வீசுகிறவர் இடதுகையால் சுற்றினால் ராடைக் கை மாற்ற வேண்டாம். வேகமாகச் சுற்ற வலதுகைதான் வசதி என்று நினைப்பவர் மாற்றிக்கொள்ளட்டும். ஸ்பின்னிங்கிலிருந்து வருகிறவர்களுக்கு இடதுகை ஏற்கெனவே பழகியிருக்கும். ரீலைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் எந்தப் பக்கம் டிராக் பிடிக்கிறது என்று பாருங்கள், பெரும்பாலான ரீலில் உள்ளே இருக்கிற ஒருவழி பேரிங்கைக் கழற்றிப் புரட்டிப் போட்டால் திசை மாறிவிடும். நூல் சுற்றும் முன்பே பாருங்கள்.

11 ஜனவரி

பழைய ரீல் வாங்குவது பற்றி.

எனக்குப் பிடித்த வழி இது. நல்ல ரீல் சாகாது, விற்பவர் பொழுதுபோக்கை மாற்றிக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பேக்கிங்கை முழுவதும் அவிழ்த்து, உள் உருளையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உப்பு ஒளிந்திருக்கிற இடம் அதுதான். ஈர பேக்கிங்குக்கு அடியில் மாதக்கணக்கில் கிடந்து அலுமினியத்தில் குழி குழியாகத் தின்றிருக்கும், வெளியே பளபளவென்று இருக்கும். அவிழ்க்க மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம். ஸ்பூலைச் சுற்றிவிட்டுப் பக்கத்திலிருந்து வீடியோ கேளுங்கள், விளிம்பு ஆடினால் தெரியும்.

இப்படி ஒரு ரீல் எனக்கு வந்தது. சட்டம், டிராக் எல்லாம் அருமை. கைப்பிடித் திருகு மட்டும் துருப்பிடித்து அரைகுறையாக நின்றது. உதிரி பாகம் கேட்டு எழுதினேன், பதில் வரவில்லை. கோட்டாறில் ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அந்த அண்ணன் ரீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் கேட்ட திருகைப் பற்றிப் பேசவே இல்லை. "இத கடைஞ்சவன் நல்ல வேலக்காரன்" என்றார் முதலில். அப்புறம் ஸ்பூல் விளிம்பில் நகத்தை ஓட்டி, "இங்க மணல் ஓடியிருக்கு, கழுவ மாட்டீங்களா?" என்று என்னைத் திட்டினார். பழைய ஆள் செய்தது அண்ணே என்றேன், நம்பவில்லை. மறுநாள் புதுத் திருகும் நைலான் புஷ்ஷும் போட்டுக் கொடுத்தார். இன்றுவரை ஆடவில்லை.

அக்டோபரில் சீல்டா திறந்ததா என்று இழுத்துக்கொண்டிருந்தேனே, அதற்கு என் பதில் இந்தப் பட்டறையில்தான் முடிவானது. கோட்டாறில் திறந்து பார்க்கக்கூடிய ரீல்தான் எனக்கு ரீல். கழற்றி மாற்றும் டிராக் கட்டு உள்ள சீல்டும் இதில் சேர்த்திதான். ஒட்டி மூடி, திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்று எழுதியிருப்பது சேராது, எத்தனை பவுண்டு டிராக் போட்டிருந்தாலும்.

12 ஜனவரி

"அப்போ அறுபதாயிரம் ரூபாய் ரீல் வேஸ்ட்டா?" இல்லை. எடை குறைவு, இடைவெளி துல்லியம், தொடக்கம் வெண்ணெய். நான் வாங்க மாட்டேன், யாராவது கொடுத்தால் மறுக்க மாட்டேன். முதல் ரீலுக்கு நடுவிலை, கடைந்த சட்டம், பட்டன் ஸ்பூல், தனியாகக் கிடைக்கிற டிராக் பாகம். ராடில் மாட்டிக் கார்க் பிடியின் முன்பகுதியில் விரலை வைத்துத் தூக்கிப் பாருங்கள், நுனி ரொம்பத் தாழ்ந்தால் ரீல் லேசு, ரொம்ப ஏறினால் கனம். 8 வெயிட்டுக்கு 200 முதல் 280 கிராம் வரை பெரும்பாலும் ஒத்துவரும்.

3 பிப்ரவரி

பேக்கிங்கும் லைனும் சேர்கிற முடிச்சு கைடு வளையத்தில் தட்டுகிறது, மீன் ஓடும்போது ராடே அதிர்கிறது என்று எழுதியவருக்கு: அல்பிரைட் முடிச்சாக இருந்தால் சுற்றுகளைப் பத்துக்கு மேல் கூட்டாதீர்கள், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாகப் படிய வையுங்கள். நுனியை ஒட்ட வெட்டிவிட்டு மேலே வளைந்து கொடுக்கிற ரப்பர் பசையை மெல்லிசாகப் பூசி உருட்டிவிடுங்கள். ஃபெவிகுவிக் வேண்டாம், காய்ந்தால் கல்லாகி லைனின் பூச்சு அந்த ஓரத்தில் வெடிக்கும். லைனின் பின்முனையில் தொழிற்சாலையிலேயே கண்ணி போட்டு வருகிறது என்றால் அல்பிரைட்டே தேவையில்லை. பேக்கிங் நுனியில் லைன் சுருள் முழுசாக நுழைகிற அளவு பெரிய கண்ணி போட்டு இரண்டையும் கோத்துவிடுங்கள். லைன் மாற்றவும் அதுதான் சுலபம்.